பத்து நாள் ஸ்கூட்டர் வகுப்பு: ஐந்துக்கு நான்கு

ஐம்பத்தொரு வயதில் நான் சேர்ந்த வகுப்பு இது. திருச்சியில் பெண்களே பெண்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். பத்து நாளைக்கு 3,500 ரூபாய், வண்டி அவர்களுடையது.

வீட்டுக்காரர் இருந்தவரை இருபத்தாறு வருஷம் அவர் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்தே போனவள் நான். கடைகள் பக்கவாட்டில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேனே தவிர, எதிரே வரும் லாரியை நேருக்கு நேர் பார்த்ததில்லை. அவர் போன பிறகு பிளவுஸ் தையல்தான் வருமானம். லைனிங் துணி, ஹூக், நூல் எல்லாம் வாங்கப் பெரியகடை வீதிக்குப் போய்வர ஆட்டோவுக்கே 200 ரூபாய். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் இருக்கிறதே என்பீர்கள். மூட்டையோடு அந்தக் கூட்டத்தில் ஏறிப் பாருங்கள்.

அவருடைய ஸ்கூட்டர் எட்டு மாசமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. விற்றுவிடலாம் என்று கொழுந்தனார் ஆளையே கூட்டிவந்துவிட்டார். "இந்த வயசுல எதுக்கு அண்ணி, எங்கயாவது விழுந்து வைக்கவா?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். மறுநாள் காலை போய்ப் பணம் கட்டினேன்.

சொல்லித் தரும் மேடத்துக்கு என் மகள் வயசு இருக்கும். முதல் மூன்று நாளும் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டேதான் ஓட்டினேன், செருப்பு போயே போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. நான்காம் நாள் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "காலைத் தூக்கி உள்ளே வைங்கம்மா. ஓடுற வண்டி விழாது, நிக்கிற வண்டிதான் விழும்" என்றார். வைத்தேன். மைதானத்தின் கோடி வேப்பமரம் வரை வண்டி ஒழுங்காகப் போனது. மரம் நெருங்கியதும் "பிரேக், பிரேக்!" என்று கத்தினார், நான் ஹாரனை அமுக்கினேன். மரத்தில் இடித்து நின்றோம். மட்கார்டு கொஞ்சம் நசுங்கியதற்கு என்னிடம் காசு வாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஒரு பேட்சில் நான்கு பேர், வண்டி இரண்டு. ஒரு மணி நேரம் என்பார்கள், உங்கள் கைக்கு வண்டி வருவது அரை மணிதான். மைதானத்தை விட்டு வெளியே கூட்டிப் போனது கடைசி நாள் மட்டும். மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் பஸ் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

லைசென்ஸ் எடுத்துத் தர 1,500 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். வேண்டாம். சென்னையிலிருந்து என் மகள் அரசின் பரிவாகன் இணையதளத்தில் எல்.எல்.ஆருக்கு, அதாவது பழகுநர் லைசென்ஸுக்கு, விண்ணப்பம் போட்டுவிட்டாள். நாற்பது வயதுக்கு மேல் என்றால் டாக்டர் கையெழுத்தோடு படிவம் 1ஏ வேண்டும். முப்பது நாள் கழித்து டெஸ்ட். முதல் தடவை 8 வடிவத்தில் வண்டியை ஓட்டிக் காட்டும்போது பாதியில் காலை ஊன்றிவிட்டேன், இரண்டாம் தடவை ஊன்றவில்லை.

அப்புறம், வண்டி கணவர் பெயரில் இருந்தால் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை, உங்கள் பெயருக்கு மாற்ற இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், படிவம் 31. இதை மூன்று மாசத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது, தாமதத்துக்கு அபராதம் கட்டினேன். இன்சூரன்ஸையும் மாற்றச் சொல்ல மறக்காதீர்கள். வகுப்பில் என்னைப் போலக் கணவர் இல்லாதவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களுக்கும் இது தெரியவில்லை. மேடம் ஒரு தாளில் எழுதி ஒட்டி வைக்கலாம்.

சேர்வதானால் காலை ஆறு மணி பேட்ச் கேளுங்கள். ஏழானால் பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வந்துவிடுவார்கள். சுடிதார் போடச் சொல்வார்கள், புடவைதான் என்றாலும் விடுகிறார்கள். நாலு சேஃப்டி பின் கொண்டுபோங்கள். முந்தானையை இடுப்பில் செருகினால் மட்டும் நிற்காது.