‘நாளுக்கு இருமுறை’யா, ‘காலை 2, இரவு 2’ஆ: எந்த மருந்து லேபிள் புரிகிறது?

‘இரண்டு மாத்திரைகள், நாளுக்கு இருமுறை.’ மருந்துக் குப்பிகளில் காலங்காலமாக அச்சாகும் வரி இது. இதையே ‘12 மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்றும் எழுதலாம், ‘காலை 2, இரவு 2’ என்றும் எழுதலாம், படமாகவும் போடலாம். எழுதித் தருபவருக்கு எல்லாம் ஒன்றுதான். விழுங்கவேண்டியவருக்கு அப்படியில்லை.

2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 395 நோயாளிகளிடம் லேபிள்களைக் காட்டிக் கேட்டார்கள். வாசிப்புத்திறன் குறைந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் மேற்சொன்ன வரியின் பொருளைச் சரியாகச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு உரிய மாத்திரைகளை எண்ணிக் காட்டச் சொன்னபோது சரியாக நான்கை எடுத்தவர்கள் ஏறத்தாழ 35 சதவீதம்தான். இந்த எண்களைப் பார்த்த பிறகும் அந்த வரியை எளிமையானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சலோடும் மங்கிய கண்ணோடும் இருப்பவரைப் பெருக்கல் கணக்குப் போட வைக்கிறது அது.

மணிக்கணக்கு துல்லியமானதுதான். ஆனால் முதல் மாத்திரையைப் பகல் 11 மணிக்குப் போட்டவர், அடுத்ததற்கு இரவு 11 வரை விழித்திருக்க வேண்டுமா, சற்று முன்பே போட்டுக்கொள்ளலாமா? லேபிள் அதைச் சொல்வதில்லை.

வேளையைச் சொல்லும் முறைக்கே என் ஆதரவு. காலை, நண்பகல், மாலை, படுக்கும் நேரம் என நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை என்று ஓர் எண். தினமும் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். கணக்கை லேபிளே போட்டுவிடுகிறது. மருத்துவர்கள் எழுதும் ‘1-0-1’ இதன் சுருக்கம்தான். ஆனால் எந்த இடம் எந்த வேளை என்று தெரியாதவருக்கு அது வெறும் மூன்று இலக்கங்கள். மேலே வேளைகளின் பெயரை அச்சிட்டால் போதும், குறை தீர்ந்துவிடும். இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கட்டங்கள் பொருந்தாது. அவர்களுக்குக் கையால் திருத்தித்தான் தரவேண்டும்.

படங்கள் எழுத்தறியாதவருக்கும் புரியும் என்பது பாதி உண்மை. தொடுவானில் பாதிச் சூரியன் உதிக்கிறதா, மறைகிறதா? பாதுகாப்புக் குறிகளுக்கான அமெரிக்கத் தரநிலை, பார்ப்பவர்களில் 85 சதவீதம் பேராவது சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்கிறது. மருந்துப் படங்களையும் அப்படிச் சோதித்துவிட்டே அச்சிட வேண்டும். சொல்லுக்குத் துணையாகப் படம் நல்லது. சொல்லை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் போடுவது ஆபத்து.

நிறத்துக்கும் ஒரு பயன் உண்டு. தாத்தாவின் மாத்திரையைப் பாட்டி தவறுதலாக விழுங்கியதைக் கண்ட டெபோரா ஆட்லர் என்ற வடிவமைப்பாளர், குடும்பத்தில் ஆளுக்கொரு நிற வளையம் கொண்ட குப்பியை உருவாக்கினார். அது 2005இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. யாருடைய மருந்து என்பதை நிறம் சொல்லும். எப்படிச் சாப்பிடுவது என்பதைச் சொல்லாது.

திரவ மருந்துக்குப் போட்டியே தேவையில்லை: மில்லிலிட்டர், அதுவும் அளவுக் குழலோடு. சின்னக் கரண்டி 5 மி.லி., பெரிய கரண்டி 15 மி.லி.; ‘ஒரு ஸ்பூன்’ என்று மட்டும் கேட்டுக்கொண்டவர் குழந்தைக்கு மூன்று மடங்கு ஊற்றிவிடக்கூடும்.

நான் ஆதரிக்கும் வேளைக் கட்டமும் ஓரிடத்தில் தோற்கும். மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் எடுக்கவேண்டிய மருந்து. தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. ‘காலை’ என்ற கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டால் அது தினமும் என்றே வாசிக்கப்படும். ‘வாரம் ஒருமுறை’ என்ற வரியும் போதாது. நோயாளியோடு பேசிக் கிழமையை முடிவுசெய்து, சுருக்காமல் முழுப்பெயராக எழுதும்படி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் அறிவுறுத்தியது. இந்த மருந்துக்கு நான் கேட்கும் லேபிள் இதுதான்: ‘திங்கட்கிழமை மட்டும்.’