1967 மஸ்டாங் 289: கோலாலம்பூர் மழைக்குத் தாங்குமா?

4.7 லிட்டர் (289 கன அங்குல) வி8 எஞ்சின் எழுப்பும் அந்த அடித்தொண்டை உறுமலுக்காகவே இந்த ஃபோர்ட் காடியை வாங்குவார்கள். அதில் குறையே இல்லை. வாங்குமுன் பார்க்க வேண்டியது துருவைத்தான். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுச் சல்லடையில் அரை வாளித் தண்ணீர் ஊற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கால்மிதிப்பக்கம் சொட்டினால் உள்தகடு அரித்துவிட்டது என்று அர்த்தம். அதை மாற்ற முன் ஃபெண்டர்களைக் கழற்றி, தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டியிருக்கும் ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்க வேண்டும். பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள்.

ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் சூடேறினால் மூன்று வரிசைக் குழாய் ரேடியேட்டர் போட்டு, விசிறியைச் சுற்றிக் கூண்டும் மாட்டுங்கள். கூண்டில்லாவிட்டால் சுடுகாற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக் என்றால், நனைந்ததும் ஒரு பக்கம் இழுக்கும். முன்னுக்கு டிஸ்க் மாற்றிவிடலாம். ஸ்டீயரிங் இடப்பக்கம். டோல் சாவடி வலப்பக்கம் இருப்பதால் அங்கேதான் பெரும்பாடு!