நாலு வாரம் தாண்டிய வயிற்றுப்போக்கும் 220 உணவு "அலர்ஜி" டெஸ்ட்டும்: பணத்தைக் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

வீட்டில் யாருக்காவது வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு நிற்காமல் இருக்கிறதா? ஒரே ரத்தத்தில் 220 உணவுகளுக்கு அலர்ஜி பார்த்துத் தருகிறோம் என்று எந்த லேப் சொன்னாலும் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். எங்கள் அப்பாவுக்கு அந்த ரிப்போர்ட்டுக்கு மட்டும் பதினைந்தாயிரத்துக்கு மேல் போனது. காரணமோ அவருடைய சர்க்கரை மாத்திரை டப்பாவிலேயே இருந்தது.

அப்பாவுக்கு அறுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை பல வருடமாக உண்டு. ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்த சமயத்தில் தண்ணியாய்ப் போக ஆரம்பித்தது. தெருமுனை கிளினிக்கில், "கல்யாணச் சாப்பாடா? அப்ப அதுதான்" என்று கேஸை முடித்துவிட்டார்கள். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் கலந்த கிருமிக்கொல்லி மாத்திரை, போக்கை நிறுத்த லோபரமைடு, கையோடு ஒரு பாட்டில் குளுக்கோஸ். மாத்திரை சாப்பிடும்வரை கொஞ்சம் அடங்கும், விட்டால் மறுபடி ஆரம்பிக்கும். திரும்பப் போனால் அதே சீட்டு. அடுத்த முறை டைபாய்டுக்கான விடால் ரத்த டெஸ்ட் எடுத்துவிட்டு, "டைபாய்டு மாதிரி தெரியுது" என்று ஊசி. ஒரு நாள்கூடக் காய்ச்சல் அடிக்காதவருக்கு டைபாய்டு! நம் ஊரில் டைபாய்டு கிருமி எப்போதோ வந்து போனவர்களுக்கும் விடால் பாசிட்டிவ் காட்டும், ஒரே ஒரு விடாலை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்று பிறகுதான் பெரிய டாக்டர் சொன்னார்.

இங்கே நடந்த அடிப்படைக் கோளாறு இதுதான். ஒரு நாளைக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ இளகியோ தண்ணியாகவோ போனால் வயிற்றுப்போக்கு. இரண்டு வாரத்துக்குள் அடங்கினால் அது திடீர் வகை. பெரும்பாலும் வைரஸ், இல்லையென்றால் கெட்ட தண்ணீரிலும் உணவிலும் வரும் பாக்டீரியா. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தியும் பேதியும் பிடுங்கினால் உணவில் ஏற்கெனவே ஊறிக் கிடந்த நச்சு. இதில் முக்கால்வாசி தானாகவே சரியாகும், உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். ரத்தமும் காய்ச்சலுமாக சீதபேதி, காலரா மாதிரி சிலவற்றுக்குத்தான் ஆன்டிபயாடிக் வேண்டும். நாலு வாரம் தாண்டிவிட்டதென்றால் அது நாள்பட்ட வகை, அங்கே கிருமி பட்டியலின் அடியில் போய்விடும், கேட்கவேண்டிய கேள்விகளே வேறு. எங்கள் தெருமுனை கிளினிக்கில் நாலு வாரம் தாண்டியும் கல்யாணச் சாப்பாட்டையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரை பார்த்தால் 58. சர்க்கரைக்குக் கிளிமிப்ரைடு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆஃப்லாக்சசின் வகை மருந்து கொடுத்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். அந்த மருந்தோடு வரும் தாளிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. வயிறும் காலி, கேட்க வேண்டுமா. எழுதிக் கொடுத்தவர், வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மெடிக்கல் ஷாப் கதை தனி. ஓ.ஆர்.எஸ். கேட்டால் ஆரஞ்சு சுவையில் அட்டைப் பெட்டி பானத்தை நீட்டினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். இந்தப் பெட்டிகளில் சர்க்கரை அதைப்போலப் பல மடங்கு, அது பேதியை இன்னும் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்தமாதிரி பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளே வரக்கூடாது என்று உத்தரவு போட்டது. ஆனாலும் கடைக்காரர் வாயில் எது வேண்டுமானாலும் ஓ.ஆர்.எஸ். ஆகிவிடும், நீங்கள் பொடிப் பாக்கெட்டாகக் கேட்டு, பின்பக்க அளவைப் படித்து வாங்குங்கள்.

சரி, அந்த 220 உணவு டெஸ்ட் பேக்கேஜ். கிளினிக்கிலேயே லேப்காரர் நம்பரைக் கொடுத்தார்கள், பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார், வண்ண வண்ணமாக ரிப்போர்ட் வந்தது. தயிர், கோதுமை, வேர்க்கடலை, முட்டை, தக்காளி எல்லாம் சிவப்பு, அரிசிகூட ஆரஞ்சு. அப்பா தினமும் சாப்பிடுவதுதான் அத்தனையும்! அது தற்செயல் இல்லை. இந்த டெஸ்ட் பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. எதை அடிக்கடி சாப்பிடுகிறோமோ அதற்கு அது உடம்பில் இருப்பது இயல்பு, நோய் இல்லை. உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்கள் அமைப்பு 2008லேயே அறிவித்துவிட்டது. அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்தியதில் அப்பா மெலிந்து சட்டை தொங்கியதுதான் மிச்சம், போக்கு அப்படியே இருந்தது.

கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் குடல் பிரிவில், வரிசையில் நின்று பார்த்த டாக்டரம்மா முதலில் சொன்னது, "ஐயா, வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் அட்டையோட எடுத்துட்டு வாங்க." அப்புறம் வரிசையாகக் கேள்விகள். ராத்திரி தூக்கத்தில் எழுந்து போகிறீர்களா? சாப்பிடாமல் இருந்தால் நிற்கிறதா? எண்ணெய் மிதக்கிறதா, பீங்கானில் ஒட்டுகிறதா? ரத்தம், சளி? இந்தக் கேள்விகளிலேயே பாதி நோய் பிரிந்துவிடுகிறது. பட்டினி இருந்தால் நின்றுபோவது, செரிக்காத ஏதோ ஒன்று குடலில் தண்ணீரை இழுத்து வைப்பதால் வருவது, பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நடப்பது இதுதான். பட்டினியிலும் தூக்கத்திலும் நிற்காமல் போனால் குடலே தண்ணீரைச் சுரக்கிறது. எண்ணெய்ப் பசையும் தாங்கமுடியாத நாற்றமும் இருந்தால் கணையத்தையோ சிறுகுடலையோ பார்க்கவேண்டும். ரத்தமும் சளியும் என்றால் குடல் புண்ணாகியிருக்கிறது: அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன்ஸ், நம் நாட்டில் குடல் காசநோயும். கிரோன்ஸா காசநோயா என்று பிரிப்பது பெரிய டாக்டர்களுக்கே தலைவலிதான். மெலியாமல், ரத்தசோகை இல்லாமல், பகலில் மட்டும் வயிற்று வலியோடு போய்க்கொண்டிருந்தால் ஐ.பி.எஸ். என்ற குடல் எரிச்சல் கோளாறாக இருக்கலாம்.

ரத்த அணுக்கள், தைராய்டு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரொடெக்டின், பிறகு பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி. பார்வைக்குக் குடல் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் சதைத் துணுக்கு எடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அழற்சி மைக்ராஸ்கோப்பில்தான் தெரியுமாம். எல்லாம் நார்மல்.

மிச்சம் இருந்தது மாத்திரை அட்டை. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் சர்க்கரை டாக்டர் மாத்திரையை மாற்றியிருந்தார். பெயர் புதுசு, உள்ளே இருந்தது வில்டாகிளிப்டின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்தோடு பழைய மெட்ஃபார்மின். மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1 கிராமாக இருந்தது 2 கிராமாகியிருந்தது. வயிற்றுப்போக்கு மெட்ஃபார்மினின் பிரபலமான பக்கவிளைவு, வருடக்கணக்கில் ஒத்துக்கொண்டவர்களுக்கும் திடீரென்று வரும். அதை நிறுத்தி வேறு கொடுத்தார்கள், அந்த வாரமே அடங்கியது. இப்போது மெட்ஃபார்மினிலேயே மெதுவாகக் கரையும் வகையைக் குறைந்த அளவில் சாப்பிடுகிறார். பி.பி.க்கான ஓல்மெசார்ட்டன்கூட அபூர்வமாகக் கடுமையான பேதியையும் எடைக்குறைவையும் கொண்டுவரும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013ல் இதை எச்சரித்தது. இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், அட்டையை டாக்டர் முன் வையுங்கள்.

லேபில் பணம் திருப்பிக் கேட்டேன். "டெஸ்ட் செஞ்சு ரிப்போர்ட் கொடுத்தாச்சே சார்" என்கிறார்கள். கிளினிக்கில் போனை எடுப்பதே இல்லை. பில், ரிப்போர்ட், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.