பிராக் எஸ்டேட்ஸ் தியேட்டருக்கு டிக்கெட் எடுக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

பிராக் நகருக்குப் போய் அங்கே ஓர் இசை நாடகம் பார்க்க நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சென்ற மாதம் நானும் அம்மாவும் அங்கே ஏமாந்தோம். பணம் போனதைக்கூட ஒருவாறு ஆற்றிக்கொள்ளலாம். அம்மா மூன்று மணி நேரம் தடுப்புச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது என் மனத்தை இன்னும் அறுக்கிறது.

அம்மா நாற்பது ஆண்டுகள் வயலின் கற்றுக்கொடுத்தவர். மொசார்ட்டின் 'டான் ஜியோவானி' இசை நாடகம் 1787 அக்டோபர் 29 அன்று முதன்முதலாக மேடையேறியது எஸ்டேட்ஸ் தியேட்டரில்தான். மொசார்ட்டே இசைக்குழுவை நடத்தினார். 1783இல் திறந்த அந்தச் சிறிய அரங்கம் இன்றும் இயங்குகிறது. அந்த இசையை அதே கூரையின் கீழ் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று அம்மா எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இணையத்தில் தியேட்டரின் பெயரைத் தேடியதும் முதலில் வந்த தளத்திலேயே நான் பணம் கட்டினேன். முகவரியில் தியேட்டரின் பெயர் இருந்தது, முகப்பில் நீலமும் பொன்னுமாக அரங்கத்தின் படம் இருந்தது. வேறு என்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன். அது தனியார் தரகரின் தளம். அந்த உண்மை பக்கத்தின் அடியில், வெளிர் சாம்பல் எழுத்தில், ஒரே ஒரு வரியாக இருந்ததை ஊர் திரும்பிய பிறகுதான் கண்டேன். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டிய மூன்று அடையாளங்கள் கண்முன் இருந்தன. செக் நாட்டுப் பணம் கொருனா, ஆனால் விலை யூரோவில் இருந்தது. இருக்கை எண் கிடையாது, 'இரண்டாம் பிரிவு' என்று மட்டும் போட்டிருந்தது. பணம் கட்டிய பிறகும் டிக்கெட் வரவில்லை, ஒரு வவுச்சர்தான் வந்தது.

அந்த வவுச்சரைப் பழைய நகரச் சதுக்கத்துக்கு அருகே ஓர் அலுவலகத்தில் கொடுத்து டிக்கெட்டாக மாற்ற வேண்டுமாம். மழையில், கல் பாவிய தெருவில், மூட்டு வலியோடு அம்மா நடந்து வந்தார். ஐந்து மணிக்குப் போனோம், கதவு பூட்டியிருந்தது. ஆறேகாலுக்கு ஓர் இளைஞர் வந்து உறையை நீட்டிவிட்டு உடனே போய்விட்டார். ஏழு மணிக்கு நிகழ்ச்சி. உறையைப் பிரித்தால் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 590 கொருனா என்று அச்சிட்டிருந்தது. நான் கட்டியது ஆளுக்கு 75 யூரோ, அதாவது ஏறக்குறைய 1,850 கொருனா. மூன்று மடங்கு.

விலையோடு போயிருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். அந்த அரங்கம் குதிரை லாட வடிவில் அமைந்தது. சுவரை ஒட்டி அடுக்கடுக்காகச் சிறு அறைகள் போன்ற பாக்ஸ்கள் இருக்கின்றன. மேடைக்குப் பக்கவாட்டில் உள்ள பாக்ஸில், முன்வரிசை இருக்கைகளில் இருப்பவர்களுக்கு மேடை தெரியும். எங்களுக்குக் கிடைத்தவை பின்வரிசை இருக்கைகள். எதிரே முன்வரிசைக்காரர்களின் தலைகள், பக்கத்தில் தடுப்புச் சுவர், நடுவே மேடையின் ஓர் ஓரம். மேடைக்கு மேலே ஓடிய வசனத் திரையும் தெரியவில்லை.

கடைசிக் காட்சியில் கல்லறைச் சிலை விருந்துக்கு வருகிறது. அது நாயகன் டான் ஜியோவானியை நரகத்துக்கு இழுத்துப் போகும் இடத்துக்காகத்தான் அம்மா வந்திருந்தார். டிராம்போன்கள் முழங்கின, அடித்தொண்டையிலிருந்து அந்தச் சிலையின் குரல் எழுந்தது. பாடியவர் எங்கள் கண்ணில் படவே இல்லை. அம்மா எழுந்து நின்று எட்டிப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். "பரவாயில்லை, காது கேட்கிறதே" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

தியேட்டர் ஊழியர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. இடைவேளையில் ஒரு பெண்மணி டிக்கெட்டைப் பார்த்ததுமே நடந்ததைப் புரிந்துகொண்டார். அரங்கம் நிறைந்திருந்ததால் அவரால் வேறு இடம் தர முடியவில்லை.

தரகரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'பிரிவுக்கு உட்பட்ட இருக்கையே தரப்பட்டது' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற ஐரோப்பிய ஒன்றிய விதியை நம்பிவிடாதீர்கள். குறிப்பிட்ட தேதியில் நடக்கும் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு அது பொருந்தாது.

எஸ்டேட்ஸ் தியேட்டரை நடத்துவது செக் தேசிய நாடக அரங்க நிறுவனம். செக் மொழியில் 'நாரொத்னீ திவத்லோ' என்பார்கள். டிக்கெட்டை அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். அங்கே விலை கொருனாவில் இருக்கும், அரங்க வரைபடத்தில் இருக்கையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். பக்கவாட்டு பாக்ஸில் பின்வரிசை மட்டுமே மீதியிருந்தால் வேறு நாளைப் பாருங்கள். சதுக்கத்தில் பழங்கால அங்கியும் பொய்முடியுமாக நின்று துண்டுச்சீட்டு நீட்டுகிறவர்களிடமும் இந்த அரங்கத்துக்கான டிக்கெட்டை வாங்காதீர்கள்.

மறுநாள் காலை தேசிய அரங்கத்தின் டிக்கெட் கவுண்டருக்குப் போய்க் கேட்டேன். அடுத்த காட்சிக்கு நடு பாக்ஸில் முன்வரிசை இடம் இரண்டு இருப்பதாகத் திரையைத் திருப்பிக் காட்டினார்கள். அது நான்கு நாள் கழித்து. எங்கள் விமானமோ நான் கேட்கப் போன அன்றே பிற்பகலில்.