க்ரீட் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்': காரில் கேட்க மட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நல்ல தொகுப்பு. குறைகள் நிறைய, அதையெல்லாம் கீழே வரிசையாகத் திட்டப் போகிறேன். ஆனால் "க்ரீட் எல்லாமா கேக்குற?" என்று முகம் சுளிக்கிறவர்களிடம் "சும்மா, பழைய ஞாபகத்துக்கு" என்று ஜகா வாங்குகிற ஆள் நான் இல்லை. டாலஸ் பக்கம் குடிவந்த புதிதில் பழைய சிடி விற்கிற கடையில் சல்லிசாகக் கிடைத்தது. அன்றிலிருந்து காரில் இருக்கிறது. கார் மாறிய பிறகு சிடி போட இடமில்லாமல் பென் டிரைவுக்கு ஏற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 90களின் நடுவில் புளோரிடாவின் டல்லஹாசியில் தொடங்கிய ராக் குழு இது. பாடியவர் ஸ்காட் ஸ்டாப், கிட்டார் மார்க் ட்ரெமான்டி, ட்ரம்ஸ் ஸ்காட் பிலிப்ஸ், பேஸ் பிரையன் மார்ஷல். முதல் ஆல்பத்தை 6,000 டாலருக்குள் பதிவு செய்து தாங்களே வெளியிட்டார்கள். அதை விண்ட்-அப் என்கிற நிறுவனம் வாங்கி, மெருகேற்றி, 1997-இல் மறுபடி இறக்கியது. 1999-இல் வந்த 'ஹியூமன் கிளே' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் போனது. 2001-இல் வந்த 'வெதர்ட்' எட்டு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. 2004 ஜூனில் குழு கலைந்துவிட்டதாக அறிவிப்பு, அதே வருடம் நவம்பரில் கல்லாவை மூடுவதற்கு முன் கடைசி வியாபாரம் மாதிரி இந்தத் தொகுப்பு. 13 பாட்டு, கூட ஒரு டிவிடி.

இவ்வளவு விற்ற குழுவைப் பற்றி 2013-இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை தன் வாசகர்களிடம் '90களின் படுமோசமான குழு எது?' என்று கேட்டபோது முதலிடம் யாருக்கு? க்ரீடுக்குத்தான். இணையக் கேலிக்குப் பேர்போன இன்னொரு ராக் குழுவான நிக்கல்பேக்குக்கே இரண்டாமிடம்தான்!

கிண்டலுக்கான காரணங்களை இந்த சிடியை வைத்தே சொல்லிவிடலாம். ஒன்று, ஸ்டாப்பின் குரல். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி ஒவ்வொரு உயிரெழுத்தையும் உருட்டுவார். இதைப் பேர்ல் ஜாம் குழுவின் பாடகர் எடி வெட்டரிடமிருந்து சுட்டது என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சு கேட்டுக் கேட்டு எரிச்சலானதோ என்னவோ, 2000-இல் மார்ஷல் சியாட்டில் வானொலி ஒன்றில் உட்கார்ந்து பேர்ல் ஜாமையே மட்டம் தட்டிப் பேசினார், அதாவது அந்தக் குழுவின் சொந்த ஊரிலேயே போய். அது போதாதா? ஸ்டாப் பகிரங்கமாக அதிலிருந்து விலகிக்கொள்ள, கொஞ்ச நாளில் மார்ஷல் குழுவிலேயே இல்லை. 'வெதர்ட்' ஆல்பத்தில் பேஸ் வாசித்ததும் ட்ரெமான்டிதான்.

இரண்டாவது, அந்தத் தோரணை. தோல் பேன்ட், காற்றில் பறக்கிற முடி, இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரித்து வானத்தைப் பார்த்து ஒரு நிற்பு. நாங்கள் கிறிஸ்தவக் குழு இல்லை என்று பேட்டிக்குப் பேட்டி சொல்வார்கள், பாட்டைப் போட்டால் பாவம், மன்னிப்பு, சிறை, வானுலகம் என்று ஒரு சுவிசேஷக் கூட்டமே நடக்கும். பக்தர்களுக்கும் முழு திருப்தி இல்லை, மற்றவர்களுக்கும் இல்லை.

மூன்றாவது, 2002 டிசம்பரில் சிகாகோவை ஒட்டிய ரோஸ்மான்ட்டில் நடந்த கச்சேரி. ஸ்டாப் ஒழுங்காகப் பாடும் நிலையிலேயே இல்லை என்று சொல்லி, டிக்கெட் காசு கேட்டு ரசிகர்கள் நான்கு பேர் வழக்கே போட்டார்கள். வழக்கு நிற்கவில்லை. ஆனால் பெயர் நின்றுவிட்டது. பின்னாளில் அவர் தன் குடிப்பழக்கத்தைப் பற்றியும் பைபோலார் என்கிற மனநோயைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியதைக் கேட்ட பிறகு அந்தக் கச்சேரி ஜோக்குகளில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மற்ற ஜோக்குகளுக்குச் சிரிப்பேன்.

சரி, சிடிக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பாட்டுகளை அடுக்கிய விதம். பொதுவாக ஹிட்ஸ் தொகுப்பு என்றால் பெரிய பாட்டை முதலில் வைத்து ஆளை இழுப்பார்கள். இதில் அது இல்லை. முதல் ஆல்பம், இரண்டாவது, மூன்றாவது என்று காலவரிசையாகவே போகிறது. அதனால் தொடக்கமே 'டோர்ன்'. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற, இருட்டான, அவசரமே இல்லாத பாட்டு. 'ஹையர்' கேட்கலாம் என்று சிடியைப் போடுகிற ஆள் முதல் ஐந்து நிமிடத்தில் "என்னடா இது" என்று குழம்பிப் போவார். அவர் குழம்பட்டும். இந்த சிடியின் மிக நல்ல பகுதி முதல் நான்கு பாட்டுகள்தான், அதை இத்தனை வருடம் கேட்ட பிறகும் அடித்துச் சொல்வேன்.

'மை ஓன் பிரிசன்' பாட்டில் ட்ரெமான்டியின் கிட்டார் தனித்தனிக் கம்பிகளாகச் சொட்டிச் சொட்டி வந்து, திடீரென்று மொத்தமாக இறங்கும். குரலில் அந்த உருட்டல் இருக்கிறது, ஆனால் இன்னும் மைதானத்துக்குப் பாடவில்லை, ஏதோ அறைக்குள் தனக்குத்தானே புலம்புகிறார். கையில் காசில்லாத காலத்தில் போட்ட பாட்டு என்பதாலோ என்னவோ, வயலின் கூட்டம், கோரஸ் கும்பல் என்று எதுவும் வந்து அப்பவில்லை. 'வாட்ஸ் திஸ் லைஃப் ஃபார்' கூட அப்படித்தான், சாவைப் பற்றிய பாட்டு, கேட்டு முடித்தால் அடுத்ததைப் போட மனசு வராது.

நான்காவது பாட்டு 'ஒன்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழர்கள் இதைக் கேட்டால் புருவம் உயரும். மெட்டு அருமை, கூடச் சேர்ந்து பாடத் தோன்றும் கோரஸ். ஆனால் வரிகளைக் கவனித்தால், ஒருவரிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள் என்று அமெரிக்காவின் இடஒதுக்கீட்டு முறையைக் குறை சொல்லித்தான் பாட்டு ஆரம்பிக்கிறது. அப்புறம் எல்லோரும் ஒன்றுதானே, கை கோத்துக்கொள்வோம் என்று முடிப்பார். இந்த வாதத்தை நம் ஊர் டீக்கடையிலும் கல்லூரி ஹாஸ்டலிலும் எத்தனை முறை கேட்டிருப்போம்! புளோரிடாவில் இருந்த பையன்களும் வார்த்தை மாறாமல் அதையே பாடியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்தில் துளியும் உடன்பாடில்லை, இருந்தாலும் பாட்டை மாற்றியதில்லை, ஸ்டியரிங்கில் தாளம்கூடப் போடுகிறேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது 'ஹியூமன் கிளே' பகுதி. 'ஆர் யூ ரெடி' வெறும் உறுமல். 'வாட் இஃப்' இன்னும் கொஞ்சம் கோபமான உறுமல். இரண்டையும் சிக்னலில் நிற்கும்போது சத்தமாக வைக்காதீர்கள், பக்கத்து கார்க்காரர் பார்ப்பார். 'ஹையர்' வேறு சங்கதி. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் பாதி முழுக்க அடக்கி வாசித்து, கோரஸில் கதவைத் திறந்துவிட்ட மாதிரி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுவார்கள், அதற்கப்புறம் நடுவில் மறுபடி எல்லாவற்றையும் இறக்கி, கடைசியில் இன்னொரு முறை தூக்குவார்கள். தந்திரம் தெரிந்தும் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன்.

'வித் ஆர்ம்ஸ் வைட் ஓப்பன்' 2000 நவம்பரில் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் முதலிடம், அடுத்த வருடம் சிறந்த ராக் பாட்டுக்கான கிராமி. தான் தகப்பனாகப் போவது தெரிந்ததும் ஸ்டாப் எழுதியது. குழந்தை பிறக்கும் முன்பு கேட்டபோது எனக்கு இது இழுவையாகத்தான் பட்டது. பிறந்த பிறகும் இழுவைதான். பலர் இந்தப் பாட்டில் அழுததாகச் சொல்கிறார்கள், நான் பெரும்பாலும் தாண்டிவிடுவேன். அந்த வயலின்கள் என் பொறுமைக்கு மேல்.

மூன்றாவது ஆல்பத்துக்கு வரும்போது குழு ஊதிப் பெருத்துவிட்டது நன்றாகத் தெரியும், காலவரிசையில் கேட்பதால் இன்னும் தெரியும். 'மை சாக்ரிஃபைஸ்' நல்ல பாட்டு, ஆனால் 'ஹையர்' செய்த வேலையையே மறுபடி செய்கிறது. 'புல்லட்ஸ்' கிண்டல் செய்தவர்களுக்குப் பதில் சொல்லிக் கத்துகிற பாட்டு, கேட்டால் கிண்டல் செய்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். 'டோன்ட் ஸ்டாப் டான்சிங்' ஓடும்போது டோல் பூத் வந்தால் நல்லது.

ஆனால் இதே பகுதியில்தான் 'ஒன் லாஸ்ட் ப்ரெத்' இருக்கிறது. அந்த ஆரம்ப கிட்டாரை எத்தனை பேர் கற்றுக்கொள்ள முயன்றிருப்பார்கள்! எங்கள் கல்லூரி விடுதியில் கிட்டார் வைத்திருந்தவன் என்றால் அவனுக்கு இதில் முதல் நான்கு 'பார்' (தாளச் சுற்று) ஆவது தெரிந்திருக்கும், ஐந்தாவது பார் யாருக்கும் தெரியாது. விரல்களை நிறைய நீட்ட வேண்டிய வாசிப்பு. நான் இன்னும் அந்த முதல் நான்கு பாரில்தான் இருக்கிறேன்.

ட்ரெமான்டியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த சிடி நீடித்து நிற்பது அவரால்தான். ட்ராப் டி மாதிரியான தாழ்ந்த சுருதிகளில் கம்பியைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, அடியில் கனமும் மேலே மணி மாதிரி ஒலியும் ஒன்றாக வரும்படி வாசிப்பார். பிஆர்எஸ் நிறுவனம் அவர் பெயரில் கிட்டாரே விற்கிறது. குழு கலைந்ததும் ஸ்டாப்பை விட்டுவிட்டு ட்ரெமான்டியும் பிலிப்ஸும், முன்பே விலகியிருந்த மார்ஷலும் சேர்ந்து மைல்ஸ் கென்னடியைப் பாடகராக வைத்து ஆல்டர் பிரிட்ஜ் ஆரம்பித்தபோது, க்ரீடைத் திட்டிய விமர்சகர்களில் சிலரே அதைப் பாராட்டினார்கள். கிட்டார் அதே ஆள்தான், ஐயா.

அதற்காக ஸ்டாப் வெறும் சுமை என்று சொல்லிவிடவும் முடியாது. ஆல்டர் பிரிட்ஜ் பல மடங்கு நேர்த்தியான குழு, கென்னடி பல மடங்கு நல்ல பாடகர், ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஹூஸ்டனிலிருந்து திரும்பி வரும்போது நான் போடுவது க்ரீடைத்தான். அந்தக் கூச்சமே இல்லாத கத்தல் அந்த நேரத்துக்குத் தேவைப்படுகிறது. ஜன்னலை ஏற்றிவிட்டுக் கூடக் கத்தலாம், சுருதி பிசகினாலும் யாருக்கும் தெரியாது, அவரும் சுருதியை விட உணர்ச்சிக்குத்தான் மதிப்பு கொடுப்பவர்.

இதனால்தான் தலைப்பில் 'காரில் மட்டும்' என்று போட்டேன். ஹெட்ஃபோனில் இந்த சிடி ஒத்துவராது. அந்தக் காலத்து ராக் சிடிகள் பலவற்றைப் போல இதுவும் ஒலியளவை மேலே தள்ளி நசுக்கிய ரகமாகத்தான் என் காதில் விழுகிறது, மெதுவான இடமும் பலமான இடமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். நாலைந்து பாட்டுக்குள் காது களைத்துவிடும். ஸ்டாப்பின் மூச்சு வேறு நேராக மண்டைக்குள் வரும். காரில் டயர் சத்தமும் ஏசி சத்தமும் சேர்ந்து அந்த நெரிசலைக் கொஞ்சம் தளர்த்திவிடுகின்றன. ஜிம்மிலும் ஓடும். வீட்டு ஹாலில் ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தேன், மனைவி சமையலறையிலிருந்து வந்து ஒன்றும் சொல்லாமல் குறைத்துவிட்டுப் போனார்.

டிவிடி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீடியோக்களும் சில மேடைப் பதிவுகளும். ஒருமுறை பார்த்ததோடு சரி. மேலே சொன்ன தோல் பேன்ட் விவகாரம் உண்மைதானா என்று சரிபார்க்க வேண்டுமானால் பயன்படும். ஆனால் அதற்கு இணையத்திலேயே கிடைக்கிற 2001 தேங்க்ஸ்கிவிங் நாள் வீடியோ போதும். டாலஸ் கவ்பாய்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஆட்ட இடைவேளையில் இவர்கள் பாட, சட்டையில்லாத ஆட்கள் துணியில் தொங்கிக்கொண்டு வானத்தில் சுழல்வார்கள். செப்டம்பர் 11 நடந்து இரண்டு மாதம் சொச்சமே ஆகியிருந்த நேரம், அன்று அது கண்ணீர் நிகழ்ச்சி. இருபது வருடம் கழித்து அதையே இணையத்தில் பையன்கள் சிரித்துச் சிரித்துப் பகிர்ந்தார்கள். சிரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் பாட்டையும் கேட்டுவிட்டுப் போனார்கள் போல.

2023-இல் இந்தப் பக்கம் நடந்ததை நேரில் பார்த்தேன். டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி தங்கள் உடைமாற்றும் அறையில் க்ரீட் போட ஆரம்பித்தது, ஆட்டம் நன்றாகப் போனது, விட்டுவிடுவார்களா? ஆர்லிங்டன் மைதானம் மொத்தமும் 'ஹையர்' பாடியது. அலுவலகத்தில் என் காரில் ஏறினால் காதைப் பொத்திக்கொள்கிற ஆட்கள் அந்த அக்டோபரில் வந்து என்னிடமே "இந்தப் பாட்டு தெரியுமா?" என்று கேட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ஹூஸ்டனோடு நடந்த ஆட்டத்துக்கு க்ரீட் ஆட்களே வந்திருந்தபோது ரேஞ்சர்ஸ் தோற்றது. ஆனாலும் கடைசியில் தன் முதல் உலகத் தொடர் பட்டத்தை வென்றது. அடுத்த வருடம் க்ரீட் மறுபடி சேர்ந்து ஊர் ஊராகப் பாடக் கிளம்பியது.

இனி குறை. 2004-இல் வந்த சிடி என்பதால் 2009-இல் மறுபடி சேர்ந்து போட்ட 'ஃபுல் சர்க்கிள்' பாட்டுகள் இருக்க வாய்ப்பில்லை, அதை மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது, இதில் புதிதாக ஒரு பாட்டுகூட இல்லை என்பது. டோர்ஸ் குழுவின் பாட்டு ஒன்றை ஒரு அஞ்சலித் தொகுப்புக்காகப் பாடியிருந்தார்கள், ஆலிஸ் கூப்பர் பாட்டு ஒன்றை ஒரு படத்துக்காகப் பாடியிருந்தார்கள். இதில் ஒன்றையாவது சேர்த்திருந்தால் மூன்று ஆல்பத்தையும் ஏற்கெனவே வாங்கிய ரசிகனுக்குக் கொஞ்சம் மரியாதை செய்த மாதிரி இருந்திருக்கும். சிங்கிளாக வந்ததை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டார்கள்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. நான் பென் டிரைவில் செய்து வைத்திருப்பது இதுதான்: 'வித் ஆர்ம்ஸ்', 'டோன்ட் ஸ்டாப் டான்சிங்' இரண்டையும் தூக்கிவிட்டு, 'ஹியூமன் கிளே'யிலிருந்து 'ஃபேஸ்லெஸ் மேன்', 'வெதர்ட்'டிலிருந்து 'ஹூஸ் காட் மை பேக்' இரண்டையும் சேர்த்தேன். பின்னது நீளமான பாட்டு, செரோக்கி என்கிற அமெரிக்கப் பழங்குடி மொழிப் பிரார்த்தனையோடு மெதுவாகத் தொடங்கும். நெடுஞ்சாலை பிடித்த பிறகு போடுங்கள், ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நின்று கேட்டால் வேலைக்கு ஆகாது.