கிளாசிக் கார் இன்ஜினுக்கு எந்த ஃபேன்? நான்கு வகைகள், ஒரு தேர்வு

பழைய கார் நெரிசலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறினால், பலருக்கும் முதலில் தோன்றுவது “எலெக்ட்ரிக் ஃபேன் போட்டுவிடலாம்” என்பதுதான். போடலாம். அதற்கு முன்னால், முள் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். நிற்கும்போதும் ஊரும்போதும் ஏறி, வேகம் எடுத்ததும் இறங்குகிறதா? குறை காற்றோட்டத்தில் இருக்கிறது. ஃபேனைப் பற்றி யோசிக்கலாம். சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓடும்போதே ஏறுகிறதா? எந்த ஃபேன் வாங்கினாலும் பணம் வீண். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் கிரில் வழியாகத் தானே வரும் காற்றே பெரும்பாலும் ரேடியேட்டருக்குப் போதும். அப்போது பார்க்க வேண்டியவை அடைத்துப்போன ரேடியேட்டர், முழுசாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), பம்ப் உறிஞ்சும்போது சப்பையாகும் கீழ் ஹோஸ், பின்தங்கிய இக்னிஷன் டைமிங் ஆகியவை.

காற்றோட்டம்தான் பிரச்சினை என்று உறுதியாகிவிட்டதா? சரி, இனி ஃபேன்களைப் பார்க்கலாம்.

காரோடு வந்த ஃபேன் பெரும்பாலும் வாட்டர் பம்ப் புல்லியில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்பு ஃபேனாக இருக்கும். இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். அதன் பலமும் பலவீனமும் இதுவேதான். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, காற்று மிகவும் தேவைப்படும் நேரத்தில், மெதுவாகச் சுற்றுகிறது. தேவையே இல்லாத நெடுஞ்சாலையில் வெறித்தனமாகச் சுற்றுகிறது. ஃபேன் தள்ளும் காற்று வேகத்துக்கு ஏற்ற அளவில்தான் கூடும், ஆனால் அது இன்ஜினிடமிருந்து இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடும். 800 ஆர்பிஎம்மில் இழுப்பதைப் போல 125 மடங்கு சக்தியை 4000-த்தில் இழுக்கும். சத்தமும் அதற்கேற்ப இருக்கும். ஆனாலும் ஃபேன் பெல்ட் அறுந்தாலொழிய இது கைவிடாது. வயர் இல்லை, சுவிட்ச் இல்லை.

இந்த ஃபேனைக் கழற்றுவதற்கு முன் ஷ்ரவுட்டைப் பாருங்கள். ரேடியேட்டரின் பின்பக்கத்திலிருந்து ஃபேனைச் சுற்றி வரும் அந்த உறை பல பழைய கார்களில் ஆரம்பத்திலேயே கிடையாது. இருந்தவற்றிலும் ஏதோ ஒரு ரிப்பேரின்போது கழற்றி எறிந்திருப்பார்கள். உறை இல்லாத ஃபேன் தனக்கு நேர் எதிரே இருக்கும் வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும். மூலைகள் சும்மா கிடக்கும். அதோடு, பின்னால் தள்ளிய சூடான காற்றே ஓரமாகச் சுற்றி வந்து மறுபடியும் ஃபேனுக்குள் நுழையும். உறை போட்டால் அதே ஃபேன் ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் இழுக்கும். பிளேடின் அகலத்தில் பாதி உறைக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்க வேண்டும். பிளேடு நுனிக்கும் உறைக்கும் நடுவே ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் அசையும், ரேடியேட்டர் அசையாது என்பதால்தான் இந்த இடைவெளி. மவுண்ட் தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லையென்றால் பலமாக பிரேக் அடிக்கும்போது ஃபேன் முன்னால் போய் ரேடியேட்டரையே அறுத்துவிடும்.

இன்னொரு விஷயத்தையும் சரிபார்த்துவிடுங்கள். முந்தைய ரிப்பேரில் யாராவது பிளேடைத் திருப்பி மாட்டியிருக்கலாம். அப்படி மாட்டினால் காற்று எதிர்த் திசையில் போகும் என்று நினைப்பார்கள், போகாது. திசை அதேதான், பிளேடின் வளைவு தலைகீழாகிவிடுவதால் காற்றின் அளவு மட்டும் குறையும். அதனால்தான் இந்தத் தப்பு வருஷக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்துவிடுகிறது.

அடுத்தது ஃப்ளெக்ஸ் ஃபேன். மெல்லிய பிளேடுகள் வேகம் கூடக்கூடத் தட்டையாகி இழுவையைக் குறைத்துக்கொள்ளும். யோசனை நல்லதுதான், ஆனால் நான் இதைச் சொல்ல மாட்டேன். வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, உலோகம் காலப்போக்கில் களைத்து வேர்ப்பகுதியில் விரிசல் விடும். முழு வேகத்தில் ஒரு பிளேடு பிய்த்துக்கொண்டால் பானெட்டையே கிழித்துக்கொண்டு வெளியே வரும். எந்த மெக்கானிக்கல் ஃபேன் இருந்தாலும், பானெட்டைத் திறந்து இன்ஜினை ரேஸ் செய்யும்போது பிளேடுகளின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. ஃப்ளெக்ஸ் என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

விஸ்கஸ் ஃபேன் இவற்றைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. புல்லிக்கும் பிளேடுக்கும் நடுவே சிலிக்கோன் திரவம் நிரப்பிய கிளட்ச் இருக்கும். அதன் முகப்பில் உள்ள இரட்டை உலோகச் சுருள் ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து, சூடு கூடினால் திரவத்தை உள்ளே விட்டுப் பிடியை இறுக்கும். காற்று குளிர்ந்திருந்தால் தளர்த்தி வழுக்கவிடும். வயரிங் வேண்டாம், நெடுஞ்சாலையில் சத்தமும் குறைவு. ஆனால் முழுப் பிடியிலும் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும், ஐடிலில் புல்லியைவிட வேகமாகச் சுற்றவே முடியாது. பிறகு எப்படி நெரிசலில் உதவுகிறது? வேகத்தில் விடுபட்டுவிடும் என்பதால் பெரிய, சாய்வு அதிகமான பிளேடுகளைத் தயக்கமில்லாமல் மாட்டலாம். லாபம் அங்கேதான். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஆழம் அதிகம் வேண்டும். எடை வாட்டர் பம்ப் பேரிங்கில் ஏறும். பழைய கிளட்ச் வாங்குவதானால் முகப்பில் எண்ணெய்க் கசிவும் தண்டில் ஆட்டமும் இருக்கிறதா என்று பாருங்கள். நல்ல சூட்டில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையால் சுற்றினால் தடை தெரிய வேண்டும். இஷ்டத்துக்குச் சுழன்றால் கிளட்ச் போய்விட்டது.

எலெக்ட்ரிக் ஃபேனின் பெரிய வரம், இன்ஜின் வேகத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுதான். ஐடிலிலும் முழு வேகம். கிளாசிக் காருக்கு இது அந்நியம் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல்: 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப் தொழிற்சாலையிலிருந்தே எலெக்ட்ரிக் ஃபேனோடுதான் வெளிவந்தது. 1973-இன் எம்ஜிபி ஜிடி வி8-இல் இரண்டு இருந்தன.

ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வரும்? பல பிரிட்டிஷ் கார்களில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும், அதுவும் நல்ல வேகத்தில் மட்டும். ஐடிலில் கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. ஓரளவு பெரிய ஃபேன் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். இரவு நெரிசலில் ஹெட்லைட்டும் எரிந்தால் எல்லாம் பேட்டரியிலிருந்துதான் போகும். ஆகவே டைனமோ கார் என்றால் முதலில் ஆல்டர்னேட்டர், அப்புறம்தான் ஃபேன். லூகாஸ் 16ஏசிஆர் ஆல்டர்னேட்டர் கூட 34 ஆம்பியர் கொடுக்கும். நடுத்தர அளவு ஃபேன் ஒன்றைத் தாங்கும்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் காற்றளவை அப்படியே நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ரேடியேட்டர் இல்லாமல் வெட்டவெளியில் அளந்தது. மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கேளுங்கள். பெரிய காற்றளவைச் சொல்லிவிட்டு 6 ஆம்பியர்தான் என்றால் அடர்த்தியான ரேடியேட்டர் முன்னால் அது திணறும். இடம் இருந்தால் பின்னாலிருந்து இழுக்கும் வகையை வாங்குங்கள். முன்னால் வைத்துத் தள்ளும் வகை ஓடும்போது கிரில் காற்றை மறைக்கும். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இடமே இல்லாத கார்களுக்கு மட்டும் அது. ரேடியேட்டரின் ஊடே பிளாஸ்டிக் கம்பிகளைக் குத்தி மாட்டும் கிட்டை மட்டும் வாங்காதீர்கள், அதிர்வில் அந்தக் கம்பிகள் குழாயைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். மேலும் கீழும் பட்டை வைத்து ரேடியேட்டரின் சட்டத்தில் மாட்டுங்கள்.

சூட்டைப் பார்த்து ஃபேனை இயக்கி அணைக்கும் தெர்மோ சுவிட்ச் தேர்வில்தான் பலருக்குச் சிக்கல். 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள காரில் ஃபேன் 92-லிருந்து 95-க்குள் இயங்கி 87 அளவில் அணைய வேண்டும். அணையும் அளவு தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குக் கீழே இருந்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. ரிலேயும் தனி ஃபியூஸும் கட்டாயம். கிளம்பும் கணத்தில் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். பாசிட்டிவ் எர்த் காரில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) வழக்கம்போல வயர் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுங்கள். எலெக்ட்ரானிக் கன்ட்ரோலரைத் தவிர்த்து, சாதாரண சுவிட்சும் ரிலேயும் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட் காரில் இந்த வழியே வேண்டாம்.

என் தேர்வைக் கேட்டால்: டைனமோவோடு அசல் நிலையில் இருக்கும் காருக்குப் பழைய ஃபேனும் நல்ல ஷ்ரவுட்டும். ஆழம் இருக்கிற பெரிய இன்ஜினுக்கு விஸ்கஸ். ஆல்டர்னேட்டர் இருந்து, தினமும் நெரிசலில் ஓட வேண்டிய காருக்குத்தான் எலெக்ட்ரிக். அதைப் போடும்போது பழைய ஃபேனைக் கழற்றினால், அதே நீள போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். ஃபேனின் தடிமன் போய்விட்டதால் போல்ட் அடியில் முட்டி நிற்கும், புல்லி இறுகாது. குட்டையான போல்ட் போடுங்கள், அல்லது அந்தத் தடிமனுக்கு வாஷர் கொடுங்கள்.