ஹைட்ரேஞ்சியா: பல பருவம் வளர்த்துப் பார்த்தால் தெரிவது

செடி தளதளவென்று நிற்கிறது, பூ மட்டும் இல்லையா? உரத்தைக் குறை சொல்லும் முன் கத்தரியைச் சந்தேகப்படுங்கள். பரவலாக வளர்க்கப்படும் பெரிய இலை ரகமான மேக்ரோஃபில்லா, அடுத்த பருவத்து மொட்டை இந்தப் பருவத்துத் தண்டிலேயே வைத்துவிடும். குளிர்காலத்தில் ஒட்டக் கவாத்து செய்தால் வரப்போகும் பூவெல்லாம் குப்பைக்குத்தான். பூ வாடத் தொடங்கியதும், அதற்குக் கீழே பருத்த மொட்டு ஜோடியாகத் தெரியும் கணுவுக்கு ஒரு விரல் மேலே வெட்டினால் போதும். பானிகுலேட்டா, ஆர்போரசென்ஸ் ரகங்கள் புதுத் தளிரில் பூப்பவை; குளிர்காலக் கடைசியில் தாராளமாக வெட்டலாம். தழைச்சத்து கூடினாலும் இலைதான் வரும், ஆனால் அது இரண்டாவது சந்தேகம்.

நிற மாற்றம்தான் பலருக்கு ஆசை, பலருக்கு ஏமாற்றமும். மண்ணின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம்) 5.5-க்குக் கீழே இருந்தால் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். 6.5-ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பு. நடுவில் ஊதா, அதுவும் ஒன்றும் மோசமில்லை. மொட்டு வைக்கும் முன்பே தொடங்கி, 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி அலுமினியம் சல்ஃபேட் கரைத்து மாதம் ஒருமுறை ஊற்றலாம். மண் முன்னமே நனைந்திருக்க வேண்டும், காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். இத்தனையும் செய்து நீலம் வரவில்லையென்றால் பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்துள்ள தண்ணீரோ சிமெண்ட் தொட்டியோ பிஎச்சை மேலே தூக்கியிருக்கும். எலும்புத்தூளும் ஆகாது, அதிலுள்ள மணிச்சத்து அலுமினியத்தைக் கட்டிப்போட்டுவிடும். வெள்ளை ரகத்தில் இந்த வித்தை பலிக்காது.

காலை வெயில், மதியத்துக்கு மேல் நிழல். உச்சி வெயிலில் இலை துவண்டதும் குடத்தைத் தூக்க வேண்டாம். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக அகல இலை நீரை இழக்கிறது, அவ்வளவுதான். மாலையில் நிமிர்ந்துவிட்டால் தண்ணீர் தேவையில்லை. மறுநாள் காலையும் துவண்டே கிடந்தால் மண்ணில் விரல்விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றலாம். சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகுகிறது என்று பொருள்.

வெட்டி ஜாடியில் வைத்த பூ சட்டென்று தொங்கிவிடும். கொத்தை அப்படியே அரை மணிநேரம் தண்ணீரில் அமிழ்த்தினால் பெரும்பாலும் மீண்டுவிடும், இதழ்போலத் தெரியும் புல்லிகளே நீரை உறிஞ்சும். உலர்த்தி வைக்க நினைத்தால் பூ புதிதாக இருக்கும்போது வெட்டாதீர்கள். தொட்டால் காகிதம்போல் மொரமொரப்பு தட்டும்வரை செடியிலேயே விடுங்கள். நாய், பூனை இலையைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், செடி முழுக்க நச்சு உண்டு.